கயிறு யார் கையில்?

1950களின் பிற்பகுதி. வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி என்ற உளவியலாளர் ரீசஸ் குரங்குகளை இரண்டிரண்டாக, அருகருகே நாற்காலிகளில் பிணைத்து உட்காரவைத்தார். இரண்டுக்கும் காலில் மின்னதிர்ச்சி வரும். முதல் குரங்கின் முன்னால் ஒரு நெம்புகோல். இருபது விநாடிக்குள் ஒருமுறையாவது அதை அழுத்திக்கொண்டே இருந்தால் அதிர்ச்சி தள்ளிப்போகும். அது தப்பித்தால் பக்கத்துக் குரங்கும் தப்பிக்கும். கோட்டைவிட்டால் இரண்டுக்கும் அடி. பக்கத்துக் குரங்குக்கும் ஒரு நெம்புகோல் கொடுத்திருந்தார்கள், ஆனால் அது எதனோடும் இணைக்கப்படாத பொம்மை. ஆறு மணி நேரம் இந்தப் பணி, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடியும் பணி. சில வாரங்களில் பொறுப்பைச் சுமந்த குரங்குகளுக்குக் குடல்புண் முற்றி, அவை ஒவ்வொன்றாகச் செத்தன. பொம்மை நெம்புகோல் குரங்குகளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

பொறுப்பைச் சுமந்தவற்றுக்கு 'நிர்வாகிக் குரங்குகள்' என்று பெயர் வைத்தார் பிரேடி. 1958இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் கட்டுரை வந்ததும் அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது. பரவாமல் எப்படி இருக்கும்? முடிவெடுப்பவனுக்குத்தான் அல்சர், சொன்னதைச் செய்பவனுக்கு நிம்மதியான தூக்கம் என்பது மேலதிகாரிகளுக்கு ரொம்பவும் பிடித்த செய்தி. அதிகச் சம்பளத்துக்கும் பெரிய அறைக்கும் ஒரு தியாகச் சாயம் கிடைத்துவிட்டது.

பரிசோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. நான்கே நான்கு ஜோடிக் குரங்குகள் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். யாரை நிர்வாகி ஆக்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யவில்லை. எந்தக் குரங்கு நெம்புகோலைச் சீக்கிரம் கற்றுக்கொண்டு படபடவென்று அழுத்தியதோ, அதையே நிர்வாகி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பதறும் சுபாவமுள்ள குரங்குகள் ஒருபக்கம், அலட்டிக்கொள்ளாதவை மறுபக்கம் என்று முதலிலேயே பிரிந்துவிட்டன. புண் வந்தது பொறுப்பாலா, சுபாவத்தாலா என்று சொல்ல வழியில்லை.

பத்தாண்டு கழித்து, நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் எலிகளை வைத்து இதைத் திரும்பச் செய்தார். இந்தமுறை எந்த எலி எங்கே என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஒரு எலி சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்தலாம். இரண்டாவது எலிக்கு அதே அதிர்ச்சி, அதே நேரம், அதே அளவு. ஆனால் அது என்ன செய்தாலும் பயனில்லை. மூன்றாவதற்கு அதிர்ச்சியே இல்லை. முடிவு பிரேடி சொன்னதற்கு நேர்மாறாக வந்தது. சக்கரம் கையில் இருந்த எலிக்குப் புண் குறைவு, கையாலாகாமல் கிடந்த எலிக்கு அதிகம். வாங்கிய அடி இரண்டுக்கும் ஒன்றுதான்.

வைஸ் அதோடு நிற்கவில்லை. சக்கரத்தைத் திருப்பினால் அதற்கும் ஒரு சிறிய அதிர்ச்சி கிடைக்கும்படி ஏற்பாட்டை மாற்றினார். இப்போது சக்கரம் வைத்திருந்த எலியின் நிலை, கையாலாகாத எலியைவிட மோசமாகிவிட்டது. அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அடிப்பதைவிட, அதிகாரமே கொடுக்காமல் இருப்பது மேல். 'நீங்களே முடிவு பண்ணுங்க' என்று சொல்லிவிட்டு, முடிவு பண்ணிய பிறகு 'யாரைக் கேட்டுப் பண்ணினீங்க?' என்று கேட்கும் மேலாளரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த எலியை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

எலியை விடுவோம். மனிதர்களிடம் இதைச் சோதிக்க ஓர் அலுவலகம் வேண்டும்: எல்லோருக்கும் ஒரே முதலாளி, ஒரே ஊர், நிரந்தர வேலை, பசியில்லாத வாழ்க்கை, பதவி மட்டும் படிப்படியாக வேறுபட வேண்டும். லண்டனில் வைட்ஹால் என்ற தெருவின் பெயரால் அழைக்கப்படும் பிரிட்டிஷ் அரசுச் செயலகம் அப்படிப்பட்ட இடம். 1967 தொடங்கி அங்கே சுமார் 18,000 ஆண் ஊழியர்களை மருத்துவர்கள் பரிசோதித்துப் பதிவு செய்தார்கள். பிறகு யார் யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்று கவனித்துவந்தார்கள். மைக்கேல் மார்மட்டும் சக ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட கணக்குப்படி, ஏழரை ஆண்டுகளில் இதயநோயால் இறக்கும் விகிதம், உச்சியில் இருந்த உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம், அதாவது கோப்பு தூக்குகிறவர்கள், வாசல்காப்போர் போன்றவர்களிடம், 3.6 மடங்கு இருந்தது.

பதவியின் பாரத்தால் மாரடைப்பு வருகிறது என்ற கதை அங்கே கவிழ்ந்தது. ஆனால் என்னை அதைவிட அதிகம் யோசிக்கவைப்பது நடுவில் இருந்தவர்களின் நிலை. ஏழைக்கு நோய் அதிகம் என்பது யாருக்கும் தெரியும். இங்கே உச்சியில் இருந்தவருக்கு அடுத்த படியில் இருந்தவர் ஏழை இல்லை. நல்ல சம்பளம், நல்ல வீடு, எல்லோருக்கும் உரிய அதே அரசு மருத்துவம். அவருக்கும் உச்சியில் இருந்தவரைவிட ஆபத்து கூடுதல். அவருக்குக் கீழே இருந்த குமாஸ்தாவுக்கு இன்னும் கூடுதல். படிக்குப் படி இறங்க இறங்க ஆபத்து ஏறியது. புகைப்பழக்கம், ரத்தக்கொதிப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் பெரும்பகுதி வித்தியாசம் விளங்காமலே நின்றது.

1985இல் இரண்டாம் சுற்று தொடங்கியது. இந்த முறை பெண்களும் சேர்ந்து 10,308 பேர். உடலை மட்டும் சோதிக்காமல் வேலையைப் பற்றியும் விசாரித்தார்கள். எந்த வேலையைச் செய்வது, எப்படிச் செய்வது என்று நீங்கள் தீர்மானிக்க முடிகிறதா? எப்போது இடைவேளை எடுப்பது என்பது உங்கள் விருப்பமா? இதயநோய்க்கும் இந்தப் பதில்களுக்கும் தொடர்பு இருந்தது. தன் வேலைமீது பிடி குறைவாக இருந்தவர்களுக்கு நோய் அதிகம். புலம்பும் சுபாவம் உள்ளவர் எதைக் கேட்டாலும் புலம்பத்தானே செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வாளர்களும் கேட்டார்கள். அதனால் அந்தந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்று பணியாளர் நிர்வாக அதிகாரிகளிடமும் தனியாக மதிப்பெண் வாங்கினார்கள். ஊழியர் சொன்னதை விட்டுவிட்டு அந்த மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தபோதும் தொடர்பு இருந்தது.

இதைக் கொண்டாடும் முன் அளவும் தெரிந்துகொள்ள வேண்டும். 2012இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு ஐரோப்பாவில் ஏறத்தாழ 2 லட்சம் ஊழியர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. கெடுபிடி அதிகமாகவும் பிடி குறைவாகவும் உள்ள வேலையில் இருப்பவர்களுக்கு இதயநோய் ஆபத்து சுமார் 23 சதவீதம் கூடுதல். புகைப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய ஆபத்து. வைட்ஹால் ஊழியர்களின் பழக்கவழக்கங்களை ஒருமுறை மட்டும் அளக்காமல் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தபோது, படிநிலை வித்தியாசத்தில் அந்தப் பழக்கங்களின் பங்கு முதலில் நினைத்ததைவிட மிகப் பெரிது என்றும் தெரியவந்தது. மேலாளர் மாரடைப்பைக் கொண்டுவருவார் என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இந்த அத்தியாயம் மாரடைப்பைப் பற்றியதல்ல. உயிரை எடுக்காமலே நாட்களை நாசமாக்கும் விஷயங்கள் உண்டு.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் காரசெக் 1979இல் சொன்னது இன்றுவரை நிற்கிறது. வேலையில் அளக்க வேண்டியவை இரண்டு: உங்களிடம் எவ்வளவு கேட்கிறார்கள், உங்களை எவ்வளவு தீர்மானிக்க விடுகிறார்கள். நிறையக் கேட்டு, நிறைய விட்டால் ஆள் களைத்துப்போவார், ஆனால் வளர்வார். அறுவை மருத்துவரும் கல்யாணச் சமையல்காரரும் இந்த வகை. நிறையக் கேட்டு எதையும் விடாவிட்டால் ஆள் நொறுங்குவார். கால் சென்டரில் ஒரு அழைப்பு முடிந்த விநாடியில் அடுத்த அழைப்பு காதில் விழுகிறது. சொல்ல வேண்டிய வாக்கியமும் திரையில் எழுதியிருக்கிறது. கத்துகிற வாடிக்கையாளருக்குச் சொந்தமாக ஒரு பதில் சொல்லக்கூட உரிமையில்லை.

இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்து தரும் நான்கு கட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: குறைவாகக் கேட்டு, எதையும் விடாத வேலை. வெளியிலிருந்து பார்த்தால் 'சும்மா உட்கார்ந்து சம்பளம்'. ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவில் இவர்களைப் பற்றி அவர் கண்டது கலங்கவைக்கிறது. இப்படிப்பட்ட வேலையில் இருந்தவர்கள் வேலைக்கு வெளியேயும் சுருங்கியிருந்தார்கள். சங்கம், அரசியல், பொழுதுபோக்கு எதிலும் ஈடுபாடு குறைவு. பகலெல்லாம் எதையும் தீர்மானிக்காமல் இருந்து பழகியவருக்குச் சாயங்காலம் திடீரென்று அந்தத் திறமை திரும்பி வந்துவிடுவதில்லை.

'பிடி' என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஒலிநாடாவைத் தயாரித்தார்கள். இரண்டு பேர் ஸ்பானிய மொழியில், ஒருவர் ஆர்மீனிய மொழியில் பேசும் குரல்கள், கூடவே தட்டச்சுப்பொறி, கணக்குப்பொறி, நகலெடுக்கும் இயந்திரம் எல்லாவற்றின் இரைச்சலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். இந்த அமளியைக் காதில் வாங்கிக்கொண்டே சிலர் வேலை செய்ய வேண்டும். அவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் காட்டினார்கள்: தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், ஆனால் முடிந்தவரை அழுத்தாமல் இருந்தால் எங்களுக்கு நல்லது. அவர்களும் அழுத்தவில்லை. சத்தம் ஓய்ந்தபின் எல்லோருக்கும் கடினமான புதிர்களையும் பிழைதிருத்தும் வேலையையும் கொடுத்தார்கள். பொத்தான் இல்லாதவர்கள் புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழைகளையும் நிறையத் தவறவிட்டார்கள். பொத்தான் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள். இரு தரப்பினரும் கேட்டது ஒரே இரைச்சல். ஒருவரும் தொடாத ஒரு பொத்தான்தான் வித்தியாசம்.

ஆய்வகத்தில் இது சரி. ஆயிரக்கணக்கானோர் வேலைபார்க்கும் தொழிற்சாலையில்? கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மிகக் கெட்ட பெயர் எடுத்தவற்றில் ஒன்று. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வருபவர்களில் குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. என்ன ஆனாலும் கார்கள் நகரும் வரிசை நிற்கக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத வேதம். திருகாணி விட்டுப்போனாலும் கார் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் யாராவது பார்த்துக்கொள்வார்கள். 1982இல் ஆலையை மூடினார்கள்.

1984இல் அதே கட்டடத்தை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகத் திறந்தன. நும்மி என்று பெயர். அதே தொழிற்சங்கம். தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் பழைய ஆலையின் ஆட்கள். நிர்வாகம் மட்டும் டொயோட்டாவின் கையில். முதலில் வந்தவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆலையின் வரிசையில் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நும்மியின் வரிசைக்கு மேலே கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு ஓடியது. எதுவாவது சரியில்லை என்று பட்டால், எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் ஓடிவருவார், உடனே தீராவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவரை யாரும் திட்டமாட்டார்கள்.

வேலைக்கு வராதவர்களின் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 3, 4 சதவீதத்துக்கு இறங்கியது. இரண்டே ஆண்டுகளில் கார்களின் தரம் ஜப்பானிய ஆலைக்கு ஈடாக வந்தது. இந்த ஆலையை ஆராய்ந்த பால் ஆட்லர் என்ற அறிஞரின் கட்டுரையை முதலில் படித்தபோது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது, ஏனென்றால் அங்கே வேலை லேசாகவில்லை. பழைய ஆலையில் நிமிடத்துக்குச் சுமார் 45 விநாடி கை ஓடிக்கொண்டிருந்தால், நும்மியில் 57 விநாடி ஓடியது. மூச்சுவிட நேரம் குறைந்தது. வேலைமீது வெறுப்பும் குறைந்தது.

இன்னொரு முரண். ஒரு வேலையை எத்தனை அசைவில், எத்தனை விநாடியில் முடிக்க வேண்டும் என்று கடிகாரம் பிடித்து அளக்கும் முறை தொழிலாளியின் பரம எதிரியாகக் கருதப்பட்ட ஒன்று. பழைய ஆலையில் பொறியாளர்கள் அளந்துவிட்டுப் போவார்கள், தொழிலாளர்கள் பல்லைக் கடிப்பார்கள். நும்மியிலும் கடிகாரம் இருந்தது. அதைத் தொழிலாளர்களே பிடித்தார்கள். குழுவுக்குள் ஒருவரை ஒருவர் அளந்து, எந்த அசைவு வீண், எது முதுகை ஒடிக்கிறது என்று பேசி, செய்முறையைத் தாங்களே எழுதி, தாங்களே திருத்தினார்கள். கண்டிப்பு குறையவில்லை. யாருடைய கண்டிப்பு என்பது மாறியது.

கயிறு மட்டும் இதைச் செய்யவில்லை. 1988இல் விற்பனை சரிந்து ஆலை பாதித் திறனுக்குச் சற்று மேலே ஓடிக்கொண்டிருந்தபோதும் ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கும் ஆலையைச் செப்பனிடும் வேலைக்கும் திருப்பினார்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் கயிறு கட்டினால் அது வைஸின் இரண்டாவது ஏற்பாடு ஆகிவிடும்: சக்கரம் இருக்கும், திருப்பினால் அடி விழும். கயிற்றை வாங்கி மாட்டியும் இழுக்க ஆளில்லாமல் போகும் ஆலைகளின் கதையில் இந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு இன்னும் கீழிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நாற்காலியிலிருந்து. தி.நகரின் பெரிய துணிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவுப் பெண், காலையில் ஷட்டர் திறந்ததிலிருந்து இரவு அடைக்கும்வரை நிற்பார். வாடிக்கையாளர் இல்லாத பிற்பகல் நேரத்திலும் நிற்பார். அப்போது உட்கார்ந்தால் கடைக்கு என்ன நட்டம் என்று கேட்டால் பதில் இல்லை. உட்கார்ந்தால் 'மரியாதையாக இருக்காது'. கால் வீங்குவதும் நரம்பு சுருட்டிக்கொள்வதும் மருத்துவச் செலவு. சிறுநீர் கழிக்கப் போக சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்பது எந்த மருத்துவக் கணக்கிலும் வராது. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

இதைக் கால்வலிக்கான சட்டம் என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். எப்போது உட்காருவது என்று தீர்மானிப்பது, வைட்ஹால் கேள்வித்தாளில் இருந்த 'எப்போது இடைவேளை' என்ற கேள்விக்கு உறவினர். நாற்காலியைப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தவரை முறைக்கிற கடையும் உண்டு. அந்த நாற்காலி பிரேடியின் இரண்டாவது குரங்குக்குக் கிடைத்த நெம்புகோல்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதவள அதிகாரி இந்நேரம் மகிழ்ந்திருப்பார். சுதந்திரம் கொடுத்தால் போதும், சம்பள உயர்வு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வசதியான ஆய்வுகள் இவை. அவருக்காக ஒரு தகவல். கலிஃபோர்னியாவில் அரசு ஊழியர்களின் சம்பளத்தை ஒரு நாளிதழ் இணையத்தில் வெளியிட்டிருந்தது. 2008இல் டேவிட் கார்டும் மூன்று பொருளியலாளர்களும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஊழியர்களில் குலுக்கலில் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் அந்தத் தளத்தைப் பற்றிக் கடிதம் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தவர்களில், தன் துறையில் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களின் மனநிறைவு குறைந்தது. வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்கள்? அவர்களுக்கு மகிழ்ச்சி கூடவில்லை. நடுச் சம்பளத்தைவிட நமக்கு அதிகம் என்பது அவர்களுக்குச் செய்தியாகவே படவில்லை போலும். சம்பளம் குறைவு என்பது ஒருவருக்கு அரிசி பருப்புப் பிரச்சினை மட்டுமல்ல. எதற்காகக் குறைவு என்று கேட்க இடமில்லாதபோது அதுவும் இழுக்க முடியாத கயிறுதான்.

சுதந்திரம் தானே தூண்டிலாவதும் உண்டு. மெலிசா மஸ்மேனியன், வாண்டா ஆர்லிகாவ்ஸ்கி, ஜோஆன் யேட்ஸ் மூவரும் 2013இல் எழுதிய ஆய்வு, மின்னஞ்சல் வசதியுள்ள பிளாக்பெர்ரி கைபேசி கைக்கு வந்த அறிவுத்துறைப் பணியாளர்களைப் பற்றியது. எங்கிருந்தும் எப்போதும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதலாம் என்பதால் வேலை தங்கள் கட்டுக்குள் வந்துவிட்டது என்றே அவர்களில் பலர் சொன்னார்கள். எல்லோரும் அப்படிச் செய்யத் தொடங்கியதும், எப்போதும் பதில் எழுதுவது எதிர்பார்ப்பாகிவிட்டது. இரவு பதினொரு மணிக்குப் பதில் எழுதாமல் இருக்கும் உரிமை சத்தமில்லாமல் போய்விட்டது. யாரும் பிடுங்கவில்லை, ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படியே நடந்து அதைத் தொலைத்தார்கள். உணவு கொண்டுவரும் செயலிகளிலும் இதன் ஏழை வடிவம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிறது செயலி. எந்த ஆர்டர், எந்தத் தெரு, எவ்வளவு காசு என்பதை வண்டி ஓட்டுபவரிடம் கேட்பதில்லை.

வீட்டிலிருந்து வேலை என்பது இந்த விவாதத்தில் எப்போதும் இரு கட்சியாகப் பிரிந்து பேசப்படுகிறது. சீனாவின் சி-ட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில், நிக்கலஸ் புளூமும் குழுவினரும் நடத்திய சோதனை இரு கட்சிக்கும் உதவாது. விரும்பியவர்களில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். அவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, மனநிறைவும் கூடியது. நிறுவனத்துக்கும் செலவு மிச்சம். சோதனை முடிந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வீடா அலுவலகமா என்று ஒவ்வொருவரையும் மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சோதனையில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்கள் இருந்த இடத்தை மாற்றிக்கொண்டார்கள். தனிமை தாங்காமல் அலுவலகத்துக்குத் திரும்பியவர்கள் பலர். அவரவர் தனக்குப் பொருந்துவதைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு, 13 சதவீதமாக இருந்த ஆதாயம் 22 சதவீதம் ஆனது.